ஓடி1 நல்லதா, ஓடி2 நல்லதா? ட்யூப் ஆம்பில் கெயினை ஒப்பிடும் முறை

மார்ஷல் டிஎஸ்எல் 40 போன்ற ட்யூப் கிட்டார் ஆம்ப் கையில் வந்ததும் எல்லோரும் செய்வது ஒன்றுதான். அதில் ஓடி1, ஓடி2 என்று இரண்டு ஓவர்டிரைவ் (கரகரப்பான சத்தம்) நிலைகள் உண்டு; ஓடி2-இல் கெயின், அதாவது சிக்னலை ஏற்றிக் கரகரப்பாக்கும் அளவு, அதிகம். ஓடி1-இல் ஒரு ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் சின்ன வாசிப்பு), பட்டனைத் தட்டி ஓடி2-இல் அதே ரிஃப், உடனே "ஓடி2 தான் மச்சான் செம" என்று தீர்ப்பு. பட்டனைத் தட்டியபோது சத்தமும் கூடியிருக்கும், அதை யாரும் கவனிப்பதில்லை. சத்தம் கூடினால் பாஸும் ட்ரெபிளும் காதுக்கு இன்னும் நிறைவாகக் கேட்கும். ஃப்ளெட்சர், மன்சன் இருவரும் 1933-லேயே இதை அளந்து காட்டிவிட்டார்கள். அதனால் முதல் வேலை, இரண்டையும் ஒரே சத்தத்துக்குக் கொண்டுவருவது. போனில் ஒரு டெசிபல் மீட்டர் ஆப் போட்டு, ஆம்பிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி ஸ்டூல் மேல் வையுங்கள். இந்த ஆம்பில் ஓடி1, ஓடி2 இரண்டுக்கும் ஒரே கெயின் நாப், ஒரே வால்யூம் நாப்தான், அதனால் பட்டனைத் தட்டும் ஒவ்வொரு முறையும் வால்யூமைத் திருப்பி மீட்டர் அதே எண்ணைக் காட்டும்படி செய்யவேண்டும். இரண்டு இடத்தையும் நாப் பக்கத்தில் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். இது முடியாமல் டோன் பற்றிப் பேசிப் பயனில்லை.

அடுத்தது உங்கள் கை. பிடித்த சேனல் வந்ததும் கை தன்னால் அழுத்தி வாசிக்கும். லூப்பர் பெடல் (வாசித்ததைப் பதிந்து திரும்பத் திரும்ப ஓடவிடும் பெட்டி) இருந்தால் கிட்டாரை நேராக அதில் செருகி ஒரு ரிஃப் பதிந்து, அதை ஆம்பின் முன் இன்புட்டுக்குள் ஓடவிடுங்கள். பாம் மியூட் (உள்ளங்கை ஓரத்தைக் கம்பிமேல் வைத்து அமுக்கி வாசிப்பது) கொஞ்சம், முழு ஓப்பன் கார்ட் ஒன்று, மேல் கம்பிகளில் ஒரு சின்ன லீட், மூன்றும் அந்த ரிஃபில் இருக்கட்டும். கைகள் சும்மா இருக்கும், நீங்கள் நாபைத் திருப்பிக்கொண்டே கேட்கலாம்.

ஆம்பைப் போட்டுப் பதினைந்து இருபது நிமிடம் சூடாக விடுங்கள், ஒப்பீட்டை ஒரே உட்காரலில் முடியுங்கள். வேலூரில் இதற்குத் தனிக் காரணம் உண்டு: கத்திரி வெயில் மாதத்தில் சாயங்காலம் தெருவில் எல்லா ஏசியும் ஓட ஆரம்பித்தால் வோல்டேஜ் இறங்கும், ட்யூபுக்குப் போகும் வோல்டேஜும் சேர்ந்தே இறங்கி அடி கொஞ்சம் மெத்தென்று ஆகிவிடும். காலையில் ஓடி1, ராத்திரி ஓடி2 என்று கேட்டால் பாதி தீர்ப்பு கரண்ட்டுடையது. அப்புறம் அறை. சத்துவாச்சாரி, காட்பாடி பக்கம் நம் வீட்டு அறைகள் டைல்ஸ் தரை, சிமெண்ட் சுவர், ட்ரெபிள் எகிறி எகிறி அடிக்கும். ஒரு ஜமக்காளம் விரித்து, ஆம்பை நாற்காலி மேல் ஏற்றி, கொஞ்சம் பக்கவாட்டில் நின்று கேளுங்கள்.

இப்போது கெயின். நான்கில் ஆரம்பித்து மெதுவாக ஏற்றுங்கள். ஓப்பன் கார்டில் ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாகக் கேட்கும்வரை சரி, ஒரே கரகரப்பாகக் குழையும் இடத்தில் நிறுத்திக் கொஞ்சம் பின்னால் வாருங்கள். ஓடி2-இல் அந்த இடம் சீக்கிரம் வந்துவிடும், கெயின் அங்கே அவ்வளவு. என் கருத்தில் ரிதமுக்கு ஓடி1 போதும், நீண்டு நிற்கும் லீடுக்குத்தான் ஓடி2.

பாம் மியூட் தொளதொள என்று வருகிறதா? எல்லோரும் பாஸ் நாபைக் குறைத்துப் பார்ப்பார்கள், குறையும், ஆனால் தொளதொளப்பு போகாது. காரணம் எளிது: இந்த வகை ஆம்பில் பாஸ், மிடில், ட்ரெபிள் மூன்றும் கெயின் ட்யூபுகளுக்குப் பின்னால் இருக்கின்றன. சிக்னல் நொறுங்கிக் கரகரப்பான பிறகு பாஸை எடுத்து என்ன செய்ய? நொறுங்குவதற்கு முன்னால் எடுக்கவேண்டும். அதனால்தான் மெட்டல் வாசிப்பவர்கள் ஆம்புக்கு முன்னால் ட்யூப் ஸ்க்ரீமர் என்ற ஓவர்டிரைவ் பெடலை வைத்து, டிரைவைப் பூஜ்யத்தில், லெவலை ஏறக்குறைய முழுதாக விடுகிறார்கள். சுமார் 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பதை அது குறைத்தே உள்ளே அனுப்பும், அடி இறுகிவிடும். பெடல் இல்லையென்றால் பிரிட்ஜ் பிக்கப்புக்குப் போய், கெயினை ஒரு புள்ளி இறக்குங்கள்.

மூன்று நாபையும் ஐந்தில் வைத்தால் சமமாக இருக்கும் என்று நினைக்காதீர்கள். இந்தச் சர்க்யூட்டில் நடுவில் வைத்தாலே மிட் (நடு ஒலி) குழிந்துதான் இருக்கும், ஒன்றைத் திருப்பினால் மற்றதும் நகரும். போதாததற்கு டிஎஸ்எல்லில் எல்லாச் சேனலுக்கும் ஒரே டோன் நாப்கள். ஓடி2-க்காக மாற்றியது ஓடி1-ஐயும் மாற்றும், அதனால் அதிகம் வாசிக்கப்போகும் பக்கத்துக்குச் சரிசெய்துவிட்டு மற்றதைச் சகித்துக்கொள்ளவேண்டியதுதான். மிடிலை ஆறு ஏழில் வையுங்கள். வீட்டில் தனியாகக் கேட்டால் மூக்கடைத்த மாதிரி இருக்கும், தெரியும். ஆனால் விஐடி கல்லூரி விழாவான ரிவியேராவின் மேடையோ சின்ன ரிகர்சல் ரூமோ, கீழே பாஸ் கிட்டார், மேலே சிம்பல், நடுவில் உள்ள இடம்தான் கிட்டாருக்கு. மிட் இல்லாத கிட்டாரை டிரம்ஸ் ஆரம்பித்ததும் காணோம். டோன் ஷிஃப்ட் பட்டனும் அதே மிட்டைத்தான் குழிக்கும், பேண்டோடு வாசிக்கும்போது அதைத் தொடாதீர்கள்.

ப்ரசென்ஸ் (மேல் ஒலியின் கூர்மை), ரெசனன்ஸ் (கீழ் ஒலியின் கனம்) இரண்டும் கடைசியில். அவை பவர் ஆம்பில் வேலை செய்பவை, மாஸ்டர் வால்யூம் முடிவான பிறகுதான் திருப்பவேண்டும்.

ஒப்பிடுகிறேன் என்று ஸ்பீக்கர் வயரை மாற்றி மாற்றிச் செருகும் வேலை இருந்தால், ஆம்பை முழுதாக அணைத்துவிட்டே செய்யுங்கள். ஸ்பீக்கர் இல்லாமல் ட்யூப் ஆம்பை ஓட்டினால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும். இரைச்சல் வருகிறதென்று எர்த் பின்னைப் பிடுங்கும் பழக்கம் சிலருக்கு உண்டு, உயிருக்கே ஆபத்து. பழைய வீடாக இருந்தால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்திங்கைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். மூடியைத் திறக்கவும் வேண்டாம், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெப்பாசிட்டரில் நூற்றுக்கணக்கான வோல்ட் நிற்கும்.

எல்லாம் முடிந்ததும் முன் பேனலைப் போனில் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். ரிகர்சலில் டிரம்மர் வந்து உட்கார்ந்த பிறகு மிடில், ப்ரசென்ஸ் இரண்டை மட்டும் தொடுங்கள், மற்றதை அப்படியே விடுங்கள்.