கொடைக்கானல் மலையில் டிபன் கடை: மானியக் கடன் வாங்கும் வரிசை

கடையைத் திறந்துவிட்டுக் கடனுக்கு அலையாதீர்கள். 15 முதல் 35 சதவீதம் வரை மானியம் தரும் பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம் (பி.எம்.இ.ஜி.பி.) புதுத் தொழிலுக்கு மட்டும்தான். கல்லாவில் வியாபாரம் நடந்துகொண்டிருக்கும் கடைக்கு விண்ணப்பம் தள்ளுபடி. அப்படிப்பட்ட கடைக்காரர்கள் முத்ரா என்ற சிறுதொழில் கடனுக்குப் போகலாம்: கிஷோர் பிரிவில் 5 லட்சம், தருணில் 10 லட்சம் வரை. ஈடு தேவையில்லை, மானியமும் இல்லை. இனி வருவதெல்லாம் இன்னும் திறக்காதவர்களுக்கு.

1. இடம்

நகராட்சி எல்லை நகர்ப்புறம், ஊராட்சி கிராமப்புறம். பெண்கள், பிற்படுத்தப்பட்டோர், எஸ்.சி., எஸ்.டி., சிறுபான்மையினர் ஆகியோர் சிறப்புப் பிரிவு. அவர்களுக்கு நகர்ப்புறத்தில் 25%, கிராமப்புறத்தில் 35% மானியம். 8 லட்ச ரூபாய்க் கடையைக் கொடைக்கானல் நகராட்சிக்குள் போட்டால் மானியம் 2 லட்சம். பூம்பாறையில் போட்டால் 2.80 லட்சம். சொந்தப் பங்கு 5%, அதாவது 40,000. பொதுப் பிரிவுக்குச் சொந்தப் பங்கு 10%. ஆனால் அறிவிக்கப்பட்ட மலைப்பகுதியும் சிறப்புப் பிரிவுப் பட்டியலில் இருக்கிறது. உங்கள் ஊருக்கு அது பொருந்துமா என்று மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டுவிடுங்கள்.

அட்வான்ஸ் கொடுக்கும் முன் கட்டட அனுமதியைப் பாருங்கள். கொடைக்கானலில் அனுமதி மீறிய கட்டடங்களுக்கு நீதிமன்ற உத்தரவுப்படி சீல் வைத்திருக்கிறார்கள். கடைக்குச் சீல் விழுந்தாலும் தவணை நிற்காது.

2. கொட்டேஷன்

பெரும்பாலும் சிக்கல் இங்கேதான். வங்கி பணத்தை உங்கள் கையில் தராது, பொருள் விற்பவரின் கணக்குக்கு அனுப்பும். அதனால் ஜி.எஸ்.டி. எண், தேதி, மாடல், அளவு எல்லாம் உள்ள கொட்டேஷன் வேண்டும். கடன் ஒப்புதலாகும் முன் கிரைண்டரை வாங்கிவிட்டு அந்த பில்லை நீட்டினால் எடுபடாது.

விலையை வரியோடு சேர்த்தே எழுதச் சொல்லுங்கள். 5% ஜி.எஸ்.டி. கட்டும் உணவகத்துக்கு உள்ளீட்டு வரி, அதாவது பொருள் வாங்கும்போது கட்டிய ஜி.எஸ்.டி., திரும்பக் கிடைக்காது. வரியை விட்டுவிட்டுத் திட்ட மதிப்பு போட்டால் அடுப்பு, ஃபிரிட்ஜ் வாங்கும்போது அந்தத் தொகை கையை விட்டுப் போகும்.

மலைக்கென்று சில செலவுகள் உண்டு. டிசம்பர், ஜனவரிக் குளிரில் சிலிண்டரில் அழுத்தம் குறையும், தோசைக்கல் சூடேறாது. 19 கிலோ சிலிண்டர்கள் நான்கை இணைக்கும் குழாய் அமைப்பைக் கொட்டேஷனிலேயே சேர்த்துவிடுங்கள். தண்ணீர் பாட்டில் விற்பதை நம்பாமல் சுத்திகரிப்பு இயந்திரத்துக்கும் தொகை ஒதுக்குங்கள். நிலத்தின் விலையைச் சேர்க்க முடியாது. வாடகையை 3 ஆண்டுக்குள் அடக்கிக் காட்டலாம்.

3. திட்ட அறிக்கை

ஆடிட்டர் அலுவலகங்களில் ரெடிமேடாகக் கிடைக்கும் அறிக்கையை வாங்காதீர்கள். பன்னிரண்டு மாதமும் ஒரே விற்பனை என்று இருக்கும். மலையை அறிந்த மேலாளர் அதை முதல் பக்கத்திலேயே பிடித்துவிடுவார். ஏப்ரல், மே சீசனைத் தனியாகவும், மழை மாதங்களை உள்ளூர்க்காரர் சாப்பாட்டை மட்டும் வைத்தும் காட்டுங்கள். தவணை தொடங்கும் முன் கிடைக்கும் விடுப்புக் காலத்தைக் கடை திறக்கும் தேதியோடு பொருத்திக் கேளுங்கள். மழையில் திறந்து உடனே தவணை கட்டுவது கொடுமை.

4. விண்ணப்பம்

இணையத்தில்தான். முகமை (விண்ணப்பத்தைப் பார்த்து வங்கிக்கு அனுப்பும் அலுவலகம்) என்ற இடத்தில் மாவட்டத் தொழில் மையத்தைத் தேர்ந்தெடுப்பதே என் பரிந்துரை. கொடைக்கானலுக்கு அது திண்டுக்கல், நீலகிரிக்கு உதகை. சந்தேகம் வந்தால் நேரில் போய்க் கேட்கலாம். உங்கள் ஊரைக் கவனிக்கும் வங்கிக் கிளையையே குறிப்பிடுங்கள். சேவைத் தொழிலில் திட்ட மதிப்பு 20 லட்சம் வரை. 5 லட்சத்தைத் தாண்டினால் எட்டாம் வகுப்புத் தேர்ச்சி கட்டாயம். ஒரு குடும்பத்துக்கு ஒரு கடன்தான்.

பிரியாணிக் கடைக்குக் கிடைக்குமா என்று பலரும் கேட்கிறார்கள். கிடைக்கும். அசைவ உணவகத்துக்கு இருந்த தடை 2022 திருத்தத்தில் நீங்கியது. மது பரிமாறினால் கிடையாது.

5. ஒப்புதலுக்குப் பின்

தொழில் முனைவோர் பயிற்சியை முடித்துவிடுங்கள், மானியம் அதற்காகக் காத்திருக்கும். வந்த மானியமும் உங்கள் பெயரில் 3 ஆண்டு வைப்பாக வங்கியில் கிடக்கும். அதற்கு வட்டி வராது, கடனில் அதே அளவு தொகைக்கு உங்களிடமும் வட்டி வாங்கக் கூடாது. முதல் வட்டிக் கணக்கு வந்ததும் இந்தக் கழிவு இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் கிளையில் எழுத்துமூலம் கேளுங்கள்.