அரக்கனை வரைந்தவர் வாய் திறக்காமல் இருப்பது நல்லது

சனிக்கிழமைதோறும் மயிலாப்பூரில் ஓர் ஓவிய வகுப்புக்கு, மாணவர்களின் படங்களை விமர்சிக்கப் போகிறேன். சென்ற வாரம் ஏழு அரக்கர்கள் வந்தார்கள். நான்கு பேர் என் பழைய நோட்டிலிருந்து எழுந்து வந்தவர்கள் போலவே இருந்தார்கள். விரல் கோணல், நிழல் விழும் திசை போன்றவற்றை நான் சொல்ல வேண்டியதில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரே சொல்லிவிடுவார். நான் சொல்ல வேண்டியவை இந்தத் தவறுகளைத்தான்.

கொம்பை ஒட்டவைப்பது

கொம்பு தலைமுடியில் முளைப்பதில்லை. மாட்டுக்கும் ஆட்டுக்கும் மண்டையோட்டு எலும்பே நீண்டு கொம்புக்குள் போகிறது. மேலே தெரிவது நகத்தைப் போன்ற உறை. அதைச் சுமக்க நெற்றி அகல வேண்டும், கழுத்து தடிக்க வேண்டும். ஒல்லிக் கழுத்தில் இரண்டு முழக் கொம்பை ஏற்றினால் அரக்கன் கழுத்துவலிக்காரனாகத்தான் தெரிவான். வண்டலூருக்குப் போய்க் காட்டுமாட்டைப் பக்கவாட்டில் அரை மணி நேரம் வரைந்து பாருங்கள்.

சிவப்புக் கண்

வேண்டாம்.

எல்லாவற்றையும் ஒருவனுக்கே கொடுப்பது

இறக்கை, வால், மண்டையோட்டு மாலை, நெருப்பு. சூரசம்ஹாரம் பார்த்தவர்களுக்குத் தெரியும்: யானைத் தலை என்றால் தாரகன், சிங்கத் தலை என்றால் சிங்கமுகன். தலை ஒன்றே போதும்.

கதையைச் சொல்லிவிட்டுப் படத்தைக் காட்டுவது

இத்தனை வருடம் கழித்தும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். படத்தைச் சுவரில் ஒட்டிய கையோடு, “இவன் ஒரு குளத்துக்குக் காவலாக இருந்தான், ஊரார் குளத்தைத் தூர்த்துவிட்டார்கள், அதனால்தான்…” என்று தொடங்கிவிடுகிறார்கள். கதை நன்றாகவே இருக்கும். எல்லோரும் தலையாட்டுவார்கள், கதைக்கு. அதற்குப் பிறகு யாராலும் படத்தைப் புதிதாகப் பார்க்க முடியாது. காதில் விழுந்ததையே கண்ணும் கண்டுவிடும்.

நான் இப்படி மூன்று மாதத்தைத் தொலைத்தேன். எருமைத்தலை அரக்கன், தோற்றுப்போன அரசன் என்று வகுப்பில் உருகிப் பேசிப் பாராட்டு வாங்கினேன். வண்ணமும் தீட்டி, முப்பது பக்கக் கோப்பாக்கி, ஓர் அனிமேஷன் நிறுவனத்துக்குத் தூக்கிக்கொண்டு போனேன். அங்கே பேச வாய்ப்பே கிடைக்கவில்லை. பக்கங்களைப் புரட்டியவர், “தம்பி, இந்த ஆடு ஏன் சிரிக்கிறது?” என்றார். எருமையும் தெரியவில்லை, தோல்வியும் தெரியவில்லை. முதல் வாரமே வகுப்பில் யாராவது கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. கேட்க நான்தான் இடம் கொடுக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாமல்லபுரம் போனேன். மகிஷாசுரமர்த்தினி குகையில், சுமார் 1,300 ஆண்டுகளுக்கு முன் பல்லவச் சிற்பி செதுக்கிய மகிஷன் நிற்கிறான். மனித உடல், எருமைத் தலை. மேலே குடை இருக்கிறது, ஆகவே அரசன். இரு கைகளாலும் கதாயுதத்தை இறுகப் பிடித்திருக்கிறான், ஆனால் உடல் பின்னால் சாய்கிறது. சிங்கத்தின் மேல் வரும் துர்க்கை இன்னும் அவனை நெருங்கித் தொடக்கூட இல்லை. அவன் தோற்கப்போகிறான் என்று அந்தச் சாய்விலேயே தெரிந்துவிடுகிறது. பக்கத்தில் நின்று விளக்கச் சிற்பி எங்கே இருக்கிறார்?

இப்போது என் வகுப்பில், படத்தை வைத்தவர் இரண்டு நிமிடம் பேசக் கூடாது. மற்றவர்கள் சொல்ல வேண்டும்: இது என்ன விலங்கு, எவ்வளவு கனம், அடுத்து என்ன செய்யப்போகிறது. வரைந்தவர் அதை எழுதிக்கொள்ள வேண்டும், மறுக்காமல். குளத்து அரக்கனைப் பார்த்து மூன்று பேர் ‘தூக்கக் கலக்கத்தில் இருக்கும் வாட்ச்மேன்’ என்றார்கள். வரைந்த பெண்ணுக்கு முகம் சுருங்கிவிட்டது. “கோபமாக இருக்கிறான் சார்.” கோபம் புருவத்தில் மட்டும்தான் இருந்தது, தோள்கள் இரண்டும் தொங்கிக்கொண்டிருந்தன. வண்ணம் தீட்டும் முன்பே தெரிந்ததால் பத்து நிமிடத்தில் திருத்திவிட்டாள்.

‘எப்படி இருக்கிறது?’ என்று கேட்பது

‘நன்றாக இருக்கிறது’ என்பார்கள். வீட்டுக்குப் போய்விடலாம்.