மக்காச்சோளத் தீவன அறுவடை: டிரெய்லரில் விழுவதைப் பார்க்காமல் செய்யும் தவறுகள்

சைலேஜுக்கு, அதாவது நறுக்கிக் குழியில் அமுக்கிக் காற்றுப் புகாமல் மூடிவைக்கும் பச்சைத் தீவனத்துக்கு, மக்காச்சோளம் அறுக்கும் நாட்களில் எல்லோருக்கும் ஒரே கணக்குதான்: மணிக்கு எத்தனை ஏக்கர் ஓடியது? டிரெய்லரில் என்ன விழுகிறது என்று இறங்கிப் பார்க்க ஆள் இருப்பதில்லை. தீவனம் கெடுவது பெரும்பாலும் அங்கேதான்.

முதல் தவறு, இயந்திரம் கிடைத்த நாளில் அறுத்துவிடுவது. கதிரை முறித்துப் பார்த்தால் மணியில் மாவுப் பகுதிக்கும் பால் பகுதிக்கும் நடுவே ஒரு கோடு தெரியும். அந்தக் கோடு பாதியைத் தாண்டி இறங்கியிருந்தால் பயிர் நெருங்கிவிட்டது என்று அர்த்தம். ஆனால் கோட்டை மட்டும் நம்ப வேண்டாம். நாலைந்து செடிகளை முழுதாக நறுக்கிக் கலந்து, அதில் 100 கிராம் எடுத்து, எடை மேலும் குறையாத வரை காயவைத்து நிறுத்துப் பாருங்கள். 32 முதல் 35 கிராம் நின்றால் சரியான பருவம். ஈரம் அதிகமென்றால் குழியிலிருந்து சாறு வடிந்து சத்தும் போகும். காய்ந்துபோனதோ சரியாக அமுங்காமல் பூஞ்சை பிடிக்கும்.

அடுத்தது, இயந்திரத்தின் டிரம்மில் சுழன்று பயிரை நறுக்கும் கத்தி. நறுக்கு கெட்ட பிறகு கத்தியைச் சாணை பிடிக்கிறவர்கள்தான் அதிகம். அப்படிச் செய்யும்போது நெடுநேரம் தேய்க்க வேண்டியிருக்கும், கத்தியின் ஆயுளும் குறையும். தினமும் கொஞ்சமாகத் தீட்டுவதே நல்லது. அதைவிட முக்கியம், தீட்டியதும் ஷியர் பாரை (கத்திக்கு எதிரே அசையாமல் நிற்கும் வெட்டுப் பட்டையை) நெருக்கி வைப்பது. தீட்டத் தீட்டக் கத்தி தேய்ந்து பின்வாங்கும், இடைவெளி கூடும். அப்போது டிரம் தட்டையை வெட்டாது, கிழிக்கும். டீசல் செலவும் ஏறும். ஷியர் பாரைச் சரிசெய்துவிட்டு அப்புறம் கத்தியைத் தீட்டுவது, செய்த வேலையை நாமே கலைப்பதுதான். டிரெய்லரில் ஒரு கை அள்ளிப் பாருங்கள்: கதிரின் மேலுறை நீளநீளமாக, ஓரம் நார்நாராகக் கிழிந்து கிடந்தால் கத்தியும் ஷியர் பாரும் ஒத்துப் போகவில்லை. ஷியர் பாரின் விளிம்பே உருண்டு மழுங்கியிருந்தால் கத்தியை எத்தனை தீட்டினாலும் பயனில்லை, அதைத் திருப்பிப் போடவோ மாற்றவோ வேண்டும்.

எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு மணி நசுக்கும் ரோலர்களைக் கவனிக்காமல் விடுவது. முழு மணியை மாடு செரிப்பது கடினம், சாணத்தோடு அப்படியே வெளியே போய்விடும். பயிரின் மாவுச்சத்து முழுக்க அந்த மணியில்தானே இருக்கிறது! ரோலர் இடைவெளி பொதுவாக 1 முதல் 3 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். ஒரு லிட்டர் பாத்திரம் நிறைய நறுக்கை அள்ளி, ஒரு வாளித் தண்ணீரில் கொட்டிக் கலக்குங்கள். தட்டையும் இலையும் மிதக்கும், மணி அடியில் தங்கும். மேலே மிதப்பதை வழித்தெடுத்துவிட்டு அடியில் உள்ளதைக் கையில் பரப்பிப் பாருங்கள். உடையாத முழு மணிகள் இரண்டு மூன்றுக்கு மேல் இருந்தால் வண்டியை நிறுத்தி இடைவெளியைக் குறைக்க வேண்டியதுதான். குறைத்தும் உடையவில்லையா? ரோலரின் பற்கள் தேய்ந்திருக்கலாம், அல்லது இரண்டு ரோலர்களுக்கும் இடையே வேக வித்தியாசம் போதாமல் இருக்கலாம். காலையில் ஒருமுறை பார்த்தால் போதாது. வயல் மாறும்போதும், நறுக்கு நீளத்தை மாற்றும்போதும் மறுபடி பார்க்க வேண்டும். ரோலர் உள்ள இயந்திரத்தில் 19 மில்லிமீட்டர் வரை நீளம் வைக்கலாம். ரோலர் இல்லாவிட்டால் 10 மில்லிமீட்டர் அளவுக்கு இறக்குங்கள்.

பயிர் அடர்த்தியான இடத்தில் எஞ்சின் திணறினால் வண்டி ஓடும் வேகத்தைக் குறையுங்கள், எஞ்சின் சுற்றைக் குறைக்காதீர்கள். மண்ணை ஒட்டி அறுக்கவும் வேண்டாம். மண்ணும் கல்லும் உள்ளே வந்தால் கத்தி போகும், தீவனமும் அழுக்காகும்.

குழியில் நடப்பதும் அறுவடைக் கணக்கில் சேர்ந்ததுதான். மணிக்கு ஒரு டன் தீவனம் வந்தால் அமுக்கும் டிராக்டருக்குச் சுமார் 400 கிலோ எடை வேண்டும். மணிக்கு 50 டன் கொண்டுவந்து கொட்டினால் 20 டன் எடை தேவை. அது இல்லாமல் வேகமாக அறுத்தால் காற்றையும் சேர்த்துத்தான் குழியில் மூடுகிறோம். ஒவ்வொரு முறை பரப்பி அமுக்கும் அடுக்கும் 15 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது.

கடைசியாக, அடைப்பு எடுக்கிற விஷயம். எஞ்சினை அணைத்த பிறகும் கத்தி டிரம் சில நிமிடங்கள் சுற்றிக்கொண்டே இருக்கும். சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு, டிரம் முழுதாக நின்றதை உறுதி செய்த பிறகே மூடியைத் திறங்கள்.