பேங்க் பணம் வேற, ஷேர் பணம் வேற: மார்க்கெட் விழும்போது பண்ணக்கூடாத தப்புகள்

ஒரு பேங்க்ல டெபாசிட் போடறதும் அதே பேங்கோட ஷேர வாங்கறதும் கிட்டத்தட்ட ஒண்ணுதான்னு இன்னும் நிறைய பேர் நினைக்கறாங்க, அங்கதான் முதல் அடி விழுது. கரூர்ல 1926ல ஆரம்பிச்ச லட்சுமி விலாஸ் பேங்க் ஞாபகம் இருக்கா? 2020 நவம்பர் 17, சாயங்காலம் அறிவிப்பு வருது, ஒருத்தர் 25,000 ரூபாய்க்கு மேல எடுக்க முடியாதுன்னு. பத்து நாள்ல டிபிஎஸ் பேங்கோட சேத்துட்டாங்க. டெபாசிட்காரங்க பணம் அப்படியே தப்பிச்சிருச்சு, ஆனா ஷேர் வச்சிருந்தவங்களுக்கு மொத்தமும் பூஜ்யம். நம்ம ஊரு பேங்க்தானேங்கற நம்பிக்கைய வச்சு தயவுசெஞ்சு ஷேர் வாங்காதீங்க.

டெபாசிட்லயும் ஒரு கணக்கு இருக்கு. பேங்க் மூழ்கினா டெபாசிட்டுக்குக் கிடைக்கற இன்சூரன்ஸ் 2020 பிப்ரவரியில இருந்து 5 லட்சம் வரைக்கும், அது அசலும் வட்டியும் சேத்து, ஒரு பேங்குக்கு ஒருத்தருக்கு. டவுன் பிராஞ்ச்ல கொஞ்சம் கிராமத்து பிராஞ்ச்ல கொஞ்சம்னு பிரிச்சுப் போட்டாலும் ஒரே கணக்குதான், வேற வேற பேங்க்ல போட்டாதான் தனித்தனி. அப்புறம் ஊர்ல இருக்கற தொடக்க வேளாண்மை கூட்டுறவு சங்கம், நாம சொசைட்டின்னு சொல்றோமே, அதுல போடற டெபாசிட்டுக்கு இந்த இன்சூரன்ஸ் கிடையாது. போஸ்ட் ஆபீஸ்ல போட்டா மத்திய அரசே பொறுப்பு.

சரி, மார்க்கெட்டுக்கு வருவோம். 2020 மார்ச் 23, காலையிலேயே மார்க்கெட் 10 சதவீதம் விழுந்து 45 நிமிஷம் வியாபாரத்தையே நிறுத்தினாங்க, அன்னிக்கு முடியும்போது சென்செக்ஸ், அதாவது 30 பெரிய கம்பெனி ஷேர் விலைய வச்சுப் போடற மும்பை மார்க்கெட் குறியீடு, 3,934 பாயிண்ட் காலி. எங்க அக்கா அந்த வாரம்தான் ஷேர்ல போடற மியூச்சுவல் ஃபண்ட வித்தா. பயந்து இல்ல, ஜூன்ல பொண்ணுக்கு காலேஜ் ஃபீஸ் கட்டணும், வேற வழி இல்ல. போன்ல அந்த சிவப்பு நம்பரப் பாத்துக்கிட்டே விக்கற பட்டன அழுத்தறதுக்கு முன்னாடி ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல. நவம்பர்ல சென்செக்ஸ் பழைய உச்சத்தையே தாண்டிருச்சு, ஆனா ஃபீஸ் நவம்பர் வரைக்கும் காத்திருக்காதே. அவ வித்தத நான் தப்புன்னு சொல்லவே மாட்டேன், மூணு மாசத்துல தேவைப்படற காசு அங்க இருந்ததுதான் தப்பு, அது எஃப்டியில இருந்திருக்கணும்.

எப்பவும் எட்டு மாசத்துல ஏறிடும்னும் நம்பாதீங்க. 2008 ஜனவரியில 21,000 தொட்ட சென்செக்ஸ் அக்டோபர்ல 8,000க்கும் கீழ போச்சு, திரும்ப அந்த 21,000ஐ பாக்க 2010 நவம்பர் ஆச்சு.

உடனே தேவைப்படாத காசா இருந்தா, விழும்போது எஸ்ஐபிய, அதாவது மாசா மாசம் ஃபண்டுல போடற தொகைய, நிறுத்தறதுதான் பெரிய நஷ்டம், ஏன்னா ஃபண்டோட ஒரு யூனிட், அதாவது ஒரு பங்கு, 50 ரூபாயா இருக்கும்போது 5,000க்கு 100 யூனிட் வாங்கினீங்க, 40க்கு வந்தா 125 கிடைக்குது, அந்த மலிவான மாசத்ததான் விட்டுடறீங்க. ஆனா இத தனி ஷேருக்கு அப்படியே போட்டுப் பாக்காதீங்க. சென்செக்ஸ் மாதிரி பல கம்பெனி சேந்த இன்டெக்ஸ் இதுவரைக்கும் விழுந்து எழுந்திருக்கு, விழுந்த ஒரு கம்பெனி எழுந்தே ஆகணும்னு ஒண்ணும் இல்ல, பாதியா விழுந்தது பழைய விலைக்கு வர ரெண்டு மடங்கா ஆகணும். விழுந்த ஷேர இன்னும் வாங்கி சராசரி விலைய இறக்கறேன், ஆவரேஜ் பண்றேன்னு வீட்டு நகைய அடகு வைக்கவே வைக்காதீங்க, ஷேர் ஏறுதோ இல்லையோ நகைக்கடன் வட்டி தினமும் ஏறிக்கிட்டேதான் இருக்கும், கட்டலன்னா ஏலத்துக்குப் போறது அம்மாவோட வளையல்.