பெசன்ட் நகர் மணலில் ஒத்திகை, குல்மார்க் பனியில் சறுக்கு

சென்ற மார்ச் மாதப் பிற்பகுதியில் நாங்கள் நால்வர் சென்னையிலிருந்து காஷ்மீரின் குல்மார்க் சென்று, சீர்செய்யப்பட்ட தடங்களை விட்டு விலகி, அஃபர்வாட் மலையின் பவுடர் பனியில் (இறுகாத, தூள் போன்ற புதுப்பனி) ஒரு நாள் முழுக்கச் சறுக்கித் திரும்பினோம். அதே பயணத்தைத் திட்டமிடும் நண்பர்கள் எந்தப் பலகையை வாடகைக்கு எடுப்பது என்றுதான் முதலில் கேட்கிறார்கள். அதற்கு முன்பே செய்ய வேண்டியது, பனிச்சரிவில் புதைந்தவரைத் தேடி எடுக்கும் பயிற்சி. அதைச் சென்னையிலேயே செய்துவிடலாம். சாதாரணத் தடங்களில் தடுமாறாமல் திரும்பவும் நிற்கவும் தெரிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில், ஒவ்வொருவரும் தமக்கென ஒரு பீக்கன் (புதைந்தவரின் இடத்தைக் காட்ட ரேடியோ சைகையை அனுப்பவும் பிடிக்கவும் செய்யும் சிறு கருவி), ஒரு புரோப் (பனிக்குள் குத்திப் பார்க்கும் நீண்ட மடக்குக் கம்பி), ஒரு ஷவல் (பனி தோண்டும் மண்வாரி) வைத்திருக்க வேண்டும். எந்த நிறுவனத்தின் பீக்கனும் 457 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையிலேயே இயங்குவதால் ஒன்றின் சைகையை மற்றொன்று பிடிக்கும். ஆயினும் மூன்று ஆன்டெனா உள்ள டிஜிட்டல் பீக்கனையே எடுங்கள். பழைய ஒற்றை ஆன்டெனாக் கருவியைப் புதியவர் கையில் கொடுக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. புரோப் 240 சென்டிமீட்டருக்குக் குறைய வேண்டாம். ஷவலின் தகடு அலுமினியமாக இருக்கட்டும், ஏனெனில் சரிந்து நின்ற பனி சிமென்ட் போல இறுகிவிடும். பிளாஸ்டிக் தகடு அதற்குத் தாங்காது.

அடுத்தது தேடல். எங்களைத் திணறடித்தது இதுதான். ஞாயிறு காலை ஐந்தரை மணிக்குப் பெசன்ட் நகர் கடற்கரையில், ஒருவர் தம் பீக்கனை அனுப்பும் நிலையில் வைத்து, டிபன் டப்பாவில் மூடி, அலை எட்டாத உலர்ந்த மணலில் ஒரு முழ ஆழத்தில் புதைப்பார். மற்றொருவர் நாற்பது மீட்டருக்கு அப்பாலிருந்து தேடி வர வேண்டும். முதல் மூன்று வாரங்களில் நான் ஒருமுறைகூடப் பத்து நிமிடங்களுக்குள் முடிக்கவில்லை. முழுவதும் புதைந்தவர் பெரும்பாலும் மூச்சுத் திணறியே இறக்கிறார். முதல் பத்து நிமிடங்கள் கடந்தால் உயிர்வாய்ப்பு வேகமாகக் குறைகிறது. மீட்புக் குழு வந்து சேரும் வரை காத்திருக்க நேரமே இல்லை என்பதால், என் தாமதம் என்னை மிகவும் வருத்தியது. பீக்கன் திரையில் அம்புக்குறி நொடிக்கொரு திசையைக் காட்டியதற்கும், தூரத்தைக் காட்டும் எண் இறங்கி இறங்கி ஏறியதற்கும் காரணம், நேரம் பார்க்க நான் இடக்கையில் பிடித்திருந்த கைப்பேசி. தேடும்போது மின்னணுக் கருவிகள் பீக்கனிலிருந்து 50 சென்டிமீட்டராவது, அனுப்பும் நிலையில் 20 சென்டிமீட்டராவது விலகியிருக்க வேண்டும். கைப்பேசியை அணைத்து முதுகுப்பையில் வைத்த அன்று நான்கு நிமிடங்களில் டப்பாவை எடுத்துவிட்டேன்.

அம்புக்குறி நேர்கோட்டில் அழைத்துச் செல்லாது என்பதையும் அங்குதான் புரிந்துகொண்டோம். புதைந்த பீக்கனின் காந்தப்புலக் கோடுகள் வளைந்திருப்பதால், வளைந்த பாதையிலேயே அது கொண்டு சேர்க்கும், நம்பிப் பின்தொடருங்கள். எண் மூன்று மீட்டருக்குக் கீழ் வந்ததும் கருவியைத் தரையை ஒட்டித் தாழ்த்தி, அதன் முகத்தைத் திருப்பாமல், மெதுவாக முன்பின்னாகவும் பிறகு இடவலமாகவும் நகர்த்தி, மிகச் சிறிய எண் தோன்றும் இடத்தைக் குறியுங்கள். அங்கிருந்து சுருள் வடிவில், 25 சென்டிமீட்டர் இடைவெளியில், சரிவின் பரப்புக்குச் செங்குத்தாகப் புரோப்பைச் செருகுங்கள். உடல் தட்டுப்பட்டால் புரோப்பை உருவாமல் விட்டுவிட்டு, சரிவின் கீழ்ப்பக்கத்திலிருந்து உள்நோக்கித் தோண்டுங்கள். கிணறு வெட்டுவது போல மேலிருந்து தோண்டினால், புதைந்தவரின் மூச்சுக்கு மிஞ்சிய வெற்றிடத்தின் மேலேயே நீங்கள் ஏறி நிற்க நேரிடும்.

கடல்மட்டத்தில் வாழும் நமக்கு ஏறத்தாழ 2,650 மீட்டர் உயரத்திலுள்ள குல்மார்க்கே உயரம்தான். அங்குள்ள கோண்டோலா என்னும் கம்பிவட ஊர்தியின் இரண்டாம் கட்டமோ சுமார் 3,950 மீட்டருக்குக் கொண்டு செல்லும். ஆகவே, இரண்டு இரவுகளாவது கீழே தங்கிய பிறகு மேலே செல்லுங்கள். உள்ளூர் வழிகாட்டி இல்லாமல் தடத்தை விட்டு விலகவே வேண்டாம்.

பருவ இறுதியில் பவுடர் பனி வடக்கு நோக்கிய நிழற்சரிவுகளில்தான் நிலைக்கிறது. தெற்கு நோக்கியவை பகலில் இளகி, இரவில் உறைந்து, ஓடு கட்டிவிடுகின்றன. புதிதாய் விழுந்த பனியின் மேல் மார்ச் வெயில் படும்போது, உருகிய நீர் உள்ளிறங்கி அடுக்குகளின் பிடி தளர்வதால், நண்பகலுக்குள் இறங்கிவிட வேண்டும் என்று எங்கள் வழிகாட்டி முன்கூட்டியே கூறிவிட்டார். பெரும்பாலான பனிச்சரிவுகள் 30 முதல் 45 பாகைச் சரிவுகளில் நிகழ்வதால், அன்று அதற்கும் குறைந்த சாய்விலேயே அழைத்துச் சென்றார். ஒருவர் இறங்கும்போது மற்ற மூவரும் மேட்டில் நின்று அவரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. முழங்கால் வரை எழுந்த பனித்தூளுக்குள் என் தோழி ஓசையே இன்றி இறங்கிய அந்த அரை நிமிடத்துக்காக மட்டுமே நான் மீண்டும் அங்கு செல்வேன்.

பின்சேர்க்கை: இதைப் படித்துவிட்டுச் சென்றுவந்த ஒருவர், ஏற்றத்தில் பின்னோக்கி வழுக்காமலிருக்கப் பலகைக்கடியில் ஒட்டும் ரோமப்பட்டையான ஸ்கின்னில் பனி கட்டிகட்டியாக ஒட்டிக்கொண்டதாக எழுதியிருக்கிறார். வெயில்பட்ட ஈரப்பனியில் நனைந்த ஸ்கின், நிழலிலுள்ள குளிர்ந்த பவுடருக்குள் நுழைந்தவுடன் உறைவதால் இது நேர்கிறது. புறப்படும் முன்பே ஸ்கின் மெழுகை ரோமம் படிந்த திசையில் நன்றாகத் தேய்த்துவிடுங்கள்; மெழுகுக் கட்டி ஒன்றைச் சட்டைப்பையிலும் வைத்திருங்கள். பீக்கனில் ரீசார்ஜபிள் பேட்டரி போடலாமா என்றும் அவர் கேட்டிருந்தார். போட வேண்டாம், கையேட்டில் குறிப்பிட்ட வகையை மட்டும், புதிதாக வாங்கிப் போடுங்கள்.