பிழிந்த எலுமிச்சைத் தோலிலிருந்து பெக்டின் எடுப்பது எப்படி

புளியங்குடியில் சின்ன அளவில் ஸ்குவாஷும் ஊறுகாயும் போடுகிறேன். சாறு பிழிந்த பிறகு பழத்தின் எடையில் ஏறக்குறைய பாதி தோலும் சக்கையுமாக நிற்கும். லெமன் சிட்டி என்று பேர் வாங்கிய ஊரில் அதை வண்டி வண்டியாகக் குப்பையில் கொட்டுவதைப் பார்க்க எனக்குப் பொறுக்காது. உலகத்தில் விற்கிற பெக்டினில் பெரும்பகுதி எலுமிச்சை, ஆரஞ்சு போன்ற பழங்களின் தோலிலிருந்து வருவதுதான். ஜாமை உறையவைக்கச் சேர்க்கும் பொருள் அது; கடை ஜாம் பாட்டிலில் ஐஎன்எஸ் 440 என்று எண் போட்டிருப்பார்களே, அதுவேதான்.

பெக்டின் தண்ணீரில் கரையும் நார்ச்சத்து. நம் குடலில் சுரக்கும் எதுவும் அதைச் செரிக்காது. அப்படியே பெருங்குடலுக்குப் போய், அங்கே இருக்கும் நல்ல பாக்டீரியாக்களுக்குத் தீனியாகிறது. அவை அதைப் புளிக்க வைத்து அசெட்டேட் போன்ற சிறு கொழுப்பு அமிலங்களாக மாற்றுகின்றன. இப்படி நல்ல பாக்டீரியாக்களுக்குத் தீனியாவதைப் பிரிபயாட்டிக் என்பார்கள். அதில் முதலில் சொல்லப்படுவது இன்யூலின் என்ற நார்தான், அதற்குள்ள அளவு ஆராய்ச்சி பெக்டினுக்கு இல்லை. ஆனால் எங்கள் ஊரில் கையை நீட்டினால் கிடைப்பது எலுமிச்சைத் தோல், அதனால் அதைப் பற்றியே எழுதுகிறேன்.

எல்லாவற்றுக்கும் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: தோலைப் பிழிந்த அன்றைக்கே வெந்நீர் காட்டிவிட வேண்டும். தோலுக்குள்ளேயே பெக்டினைச் சிதைக்கும் என்சைம் இருக்கிறது. பழத்தை வெட்டிப் பிழிந்ததுமே அது வேலையை ஆரம்பித்துவிடும். நேற்றைய தோலை மூட்டையில் கட்டி வைத்து இன்றைக்கு எடுத்தால் கொழகொழப்பு குறைந்திருக்கும், பூஞ்சையும் பிடித்திருக்கும். ஜூஸ் கடை அண்ணாச்சியிடம் சொல்லி வைத்து அன்றாடம் வாங்குங்கள். உப்போ மஞ்சளோ பட்ட தோல், கறுத்த தோல் எதுவும் வேண்டாம். மருந்து அடித்துக் கொஞ்ச நாளே ஆன தோட்டத்துப் பழமா என்று கேட்டுக்கொள்வதும் நல்லது, நாம் எடுப்பது தோலிலிருந்து அல்லவா.

விதைகளைப் பொறுக்கிவிட்டு, தோலை அலசி, விரல் நகம் அளவுக்கு நறுக்குங்கள். தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது போட்டு 5 நிமிடம், அவ்வளவுதான். வடித்து, பச்சைத் தண்ணீரில் அலசிப் பிழியுங்கள். இன்னொரு தடவையும் இப்படியே செய்தால் கசப்பும் தோல் எண்ணெயும் பெரும்பாலும் இறங்கிவிடும். கசப்பு போகட்டும் என்று அரைமணி நேரம் கொதிக்க விடாதீர்கள், பெக்டினும் சேர்ந்து சாக்கடைக்குப் போய்விடும்.

உடனே வேலையை முடிக்க நேரமில்லை என்றால் இந்தக் கட்டத்தில் காயவைக்கலாம். சித்திரை, வைகாசி வெயிலில் மெல்லிய துணி மூடி மாடியில் போட்டால் ஒடித்தால் முறியும் பதத்துக்கு வந்துவிடும். ஆனி, ஆடியில் குற்றாலத்தில் சாரல் விழும் நாட்களில் எங்கள் பக்கமும் மந்தாரமாகவே இருக்கும், மாடியை நம்ப முடியாது. அப்போது 60 டிகிரி டிரையர் வேண்டும், இல்லையென்றால் ஈரத்தோடேயே அடுத்த வேலைக்குப் போய்விடுங்கள்.

இனி பெக்டினை இறக்குவது. காய்ந்த தோல் 100 கிராம், தண்ணீர் 3 லிட்டர், சிட்ரிக் ஆசிட் 30 கிராம். போர் தண்ணீர் ஆகாது. உப்புத் தண்ணீரில் உள்ள கால்சியம் பெக்டினைத் தோலோடு பிடித்து வைத்துக்கொள்ளும். ஆர்.ஓ. தண்ணீரோ பிடித்து வைத்த மழைத்தண்ணீரோ நல்லது. பாத்திரம் எவர்சில்வராக இருக்கட்டும், அலுமினியத்தைப் புளிப்பு அரித்துவிடும். புளிப்பின் அளவைக் காட்டும் பிஎச் தாள் இருந்தால் நனைத்துப் பாருங்கள்: 2.5க்கு மேலே காட்டினால் இன்னும் கொஞ்சம் சிட்ரிக் ஆசிட் சேர்க்க வேண்டும்.

அடுப்பைச் சிறிதாக வைத்து 80 முதல் 85 டிகிரியில் ஒரு மணி நேரம் கிண்டிக் கிண்டி விடுங்கள். சமையல் தெர்மாமீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள், விலை அதிகமில்லை. கொதித்துப் பொங்கினால் பெக்டின் இழை துண்டு துண்டாகும். குடல் பாக்டீரியாவுக்கு அது பெரிய விஷயமில்லை, ஜாம் உறைவதற்குத்தான் குறை. சுண்டும் அளவுக்கு வெந்நீர் விட்டுக்கொண்டே வாருங்கள். சூட்டோடு பழைய வேட்டித் துணியில் வடிகட்டுங்கள். முதலில் தானாக வடியட்டும். அவசரப்பட்டு முறுக்கினால் கலங்கலாக வரும்.

பெக்டின் இறங்கியிருக்கிறதா என்று பார்க்க ஒரு சோதனை. வடிகட்டி ஆறின சாறு ஒரு ஸ்பூன், மருந்துக்கடை ஸ்பிரிட் மூன்று ஸ்பூன், ஒரு கண்ணாடி டம்ளரில் கலந்து ஐந்து நிமிடம் விடுங்கள். ஜவ்வரிசிக் கஞ்சி போலக் கட்டியாகத் திரண்டால் நன்றாக இறங்கியிருக்கிறது. நூல் நூலாக மட்டும் வந்தால் குறைவு. ஸ்பிரிட் விஷம். சோதித்ததைக் கொட்டிவிட்டு டம்ளரையும் தனியாக வையுங்கள்.

ஆலையிலும் இதே வித்தைதான். சாற்றில் ஆல்கஹால் ஊற்றித் திரளவைத்து, கழுவி, காயவைத்துப் பொடியாக்குகிறார்கள். நன்றாக எடுத்தால் 100 கிராம் காய்ந்த தோலில் 20 கிராம் வரை வரும். வீட்டில் அந்த வேலை வேண்டாம். அவ்வளவு ஆல்கஹாலை அடுப்பு பக்கத்தில் வைப்பது ஆபத்து, எத்தனாலுக்கு லைசென்ஸும் வேண்டும். நாம் சாற்றை மிதமான சூட்டில் மூன்றில் ஒரு பங்காகச் சுண்டவைத்து, ஐஸ் தட்டில் ஊற்றி ஃப்ரீசரில் வைத்தால் போதும். நல்ல புளிப்பாக இருக்கும். நன்னாரி சர்பத்தில் எலுமிச்சைக்குப் பதிலாக ஒரு கட்டி போட்டுப் பாருங்கள். கொய்யா ஜாமுக்கும் சேரும். பாலில் போட்டால் திரிந்துவிடும்.

இவ்வளவும் முடியாது என்பவர்களுக்கு ஒரு சுருக்கு வழி. வெந்நீர் காட்டிக் காயவைத்த தோலை அப்படியே நைசாக அரைத்துச் சலித்து வைத்துக்கொள்ளுங்கள். கரையும் நார், கரையாத நார் இரண்டும் அதில் இருக்கும். சப்பாத்தி மாவு ஒரு கிலோவுக்கு 30 கிராம் சேர்த்தால் லேசான மணம், லேசான கசப்பு, பிள்ளைகளும் சாப்பிடுவார்கள். வீட்டுக்கு இதுதான் சரி என்பேன். சாறு எடுக்கும் முறை, அதை வைத்து வேறு பண்டம் செய்கிறவர்களுக்கு.

எதுவானாலும் முதல் வாரம் ஒரு நாளைக்கு அரை ஸ்பூனுக்கு மேல் வேண்டாம், வயிறு ஊதும். தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். குடல் அடைப்பு வந்தவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது. விற்பதாக இருந்தால் உணவுப் பாதுகாப்புத் துறை பதிவோ லைசென்ஸோ எடுத்துவிடுங்கள்.

பாவூர்சத்திரம் சந்தையில் சின்ன வெங்காயத் தோல் குவிந்து கிடக்கிறதே, அதையும் இப்படிச் செய்யலாமா என்று மதினி ஒருவர் கேட்டார். கூடாது. வெங்காயத்தில் இருப்பது பெக்டின் மட்டுமல்ல, ஃப்ரக்டான் என்ற இன்யூலின் வகை நாரும் இருக்கிறது. புளிப்போடு காய்ச்சினால் அது உடைந்து வெறும் சர்க்கரையாகிவிடும். அதுவும் சதைப்பற்றான உள் அடுக்குகளில்தான் இருக்கிறது, காய்ந்த மேல் தோலில் தேடிப் பயனில்லை. உடைந்த, கழித்த காய்களின் சதையை நறுக்கி, புளிப்பு எதுவும் சேர்க்காமல் வெறும் வெந்நீரில் ஊறவைத்து வடிக்க வேண்டும்.

எலுமிச்சைச் சக்கை மிஞ்சினால் இரண்டு தண்ணீரில் அலசிப் புளிப்பைப் போக்கி, மாட்டுத் தீவனத்தோடு கொஞ்சமாகக் கலக்கலாம். மாடு வேண்டாம் என்றால் உரக்குழிக்கு.