சுவரைக் கொத்தாமல் சின்ன டாய்லெட்டில் ஒரு வாஷ்பேசின்

வாடகை வீட்டில் சுவரைக் கொத்திப் பைப் புதைக்க முடியாது. புதைக்கவும் வேண்டாம். ஹெல்த் ஃபாசெட்டின் (க்ளோசெட் அருகே இருக்கும் கை ஷவர்) ஆங்கிள் காக்கிலிருந்து, அதாவது அது சுவரில் சேரும் சின்ன வால்விலிருந்து தண்ணீர் எடுத்து, கழிவுநீரைத் தரை ட்ராப்பில் (தரை ஜாலிக்குக் கீழே நீர் தேங்கி நாற்றத்தைத் தடுக்கும் பகுதி) விடலாம். காலி செய்யும்போது சுவரில் இரண்டு ஓட்டைகள்தான் மிஞ்சும். அதை மட்டும் வீட்டுக்காரரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

வாங்க வேண்டியவை: குழாய்த் துளை உள்ள சின்ன பேசின், ஒரு ஜோடி ராக் போல்ட் (பேசினைச் சுவரில் தாங்குவது), அரை இன்ச் பில்லர் காக் (பேசின் மேல் நிற்கும் குழாய்), டூ-வே ஆங்கிள் காக் (இரண்டு வாய்: ஒன்று ஹெல்த் ஃபாசெட்டுக்கு, ஒன்று பேசினுக்கு), 24 இன்ச் கனெக்‌ஷன் பைப், 32 மி.மீ. வேஸ்ட் கப்ளிங் (பேசின் அடித்துளையில் மாட்டுவது), வளையும் வேஸ்ட் பைப், டெஃப்லான் டேப், சிலிகான். பேசினில் ஓவர்ஃப்ளோ துளை (நிரம்பி வழியாமல் காக்க விளிம்புக்குக் கீழே இருக்கும் துளை) இருந்தால் ஹாஃப் த்ரெட் (பாதி வரை மரை) கப்ளிங், இல்லாவிட்டால் ஃபுல் த்ரெட் (முழுக்க மரை). மாற்றி வாங்கினால் ஒழுகும், அல்லது ஓவர்ஃப்ளோ வேலை செய்யாது.

1. அட்டையைப் பேசின் அளவுக்கு வெட்டிச் சுவரில் ஒட்டுங்கள். கதவு இடிக்கிறதா, க்ளோசெட்டில் உட்கார்ந்தால் தோளோ முழங்காலோ படுகிறதா என்று பாருங்கள். பேசின் விளிம்பு தரையிலிருந்து 32 இன்ச் உயரத்தில் இருக்கட்டும்.

2. பில்லர் காக்கையும் கப்ளிங்கையும் கீழே வைத்தே பேசினில் பூட்டிவிடுங்கள். மாட்டிய பிறகு அந்த இடுக்கில் ஸ்பேனர் திரும்பாது.

3. குழாய்க்கு நேர் மேலேயும் பக்கவாட்டிலும் பைப் ஓடலாம், அங்கே துளைக்காதீர்கள். டைல்ஸ் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டி, டைல்ஸ் துளையும் வரை ட்ரில்லின் ஹேமர் மோடை அணைத்துவிட்டு ட்ரில் செய்யுங்கள். போல்ட் நட்டை முறுக்கும்போது பிளாஸ்டிக் வாஷரை விட்டுவிட்டால் பீங்கான் விரிசல் விடும்.

4. அதிகம் கெடுவது இங்கேதான். மெயின் வால்வை மூடிவிட்டுப் பழைய ஆங்கிள் காக்கை மெதுவாகத் திருப்புங்கள். அசையவில்லை என்றால் பலம் காட்டாதீர்கள். சுவருக்குள் இருக்கும் எல்போவும் (வளைவு இணைப்பு) சேர்ந்து திரும்பி சிபிவிசி பிளாஸ்டிக் பைப் உடையும். கசிவு சில நாள் கழித்து மறுபக்கச் சுவரில் பெயிண்ட் உப்பும்போதுதான் தெரியும். அப்படி இறுகியிருந்தால் காக்கைக் கழற்றாமல் அதன் வாயில் ஒரு பித்தளை டீ (T வடிவ இணைப்பு) மாட்டுங்கள்: ஒரு பக்கம் உள்மரை, இரண்டு பக்கம் வெளிமரை.

கழன்றுவிட்டால், புதிய காக்கின் மரைமுனை உங்களைப் பார்த்திருக்க, கடிகார முள் திசையில் 10 முதல் 12 சுற்று டேப் சுற்றுங்கள். எதிர்த்திசையில் சுற்றினால் முறுக்கும்போதே உரிந்துவிடும். நேராக நிறுத்துவதற்காகப் பின்னால் திருப்பவே கூடாது, டேப் விட்டுக்கொடுத்து ஒழுகும். கழற்றிப் புதிதாகச் சுற்றுங்கள். கனெக்‌ஷன் பைப்புக்கு டேப் வேண்டாம், உள்ளே ரப்பர் வாஷர் இருக்கிறது. கையால் முறுக்கி, ஸ்பேனரால் கால் திருப்பு போதும்.

5. வேஸ்ட் பைப் தொய்யாமல் இறங்கட்டும். தொய்ந்தால் சோப்பும் முடியும் அங்கே தேங்கும். பைப் நுழைய ஓட்டை வைத்த ஜாலி (ட்ராப்பை மூடும் தட்டு) வழியாக அதன் முனையை ட்ராப்புக்குள் விடுங்கள், ட்ராப் நீருக்குச் சற்று மேலே நிற்க வேண்டும். க்ளோசெட்டின் மலக்குழாயில் நேரடியாக ஒருபோதும் சேர்க்காதீர்கள்; நாற்றமும் கரப்பானும் பேசின் வழியாகவே வரும். ஊருக்குப் போய்த் திரும்பினால் ட்ராப் வறண்டிருக்கும், ஒரு மக் தண்ணீர் ஊற்றுங்கள்.

6. பேசினை நிரப்பி ஒரே மூச்சில் திறந்துவிடுங்கள். ஒவ்வொரு இணைப்பையும் டிஷ்யூ பேப்பரால் ஒற்றிப் பாருங்கள். எங்கும் ஈரம் ஒட்டாவிட்டால், பேசினுக்கும் சுவருக்கும் நடுவே சிலிகான் பூசி ஒரு நாள் காயவிடுங்கள்.